மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை: குறை விந்தணு ஓட்டத்திலா, நேரத்திலா?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசு இரண்டாவது கன்று ஈன்று ஐந்து மாதம் ஆகிறது. மூன்று முறை சினை ஊசி போட்டும் சொல்லி வைத்தாற்போல 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்துவிடுகிறது. மாடு கத்த ஆரம்பித்ததுமே ஆளைக் கூப்பிட்டுப் போட்டுவிடுகிறோம், தாமதிப்பதே இல்லை. போன முறை உறைவிந்து அடைத்து வரும் குச்சியில் மிச்சமிருந்த சொட்டைத் தெரிந்தவர் ஒருவரின் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். பாதி அணுக்கள் அசையவே இல்லை. சில வட்டமடித்துக்கொண்டே இருந்தன. செத்த விந்தையா போடுகிறார்கள்? ஒரே நேரத்தில் இரண்டு குச்சி போட்டால் நிற்குமா? இல்லை, காளைக்கே விட்டுவிடலாமா?

பதில்: பாதி அசையவில்லை என்பதை வைத்து அந்தக் குச்சியைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நல்ல காளையின் புது விந்தில் நூற்றுக்கு எழுபது, எண்பது அணுக்கள் முன்னோக்கி ஓடும். மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்து மறுபடி உருக்கும்போது அதில் ஒரு பங்கு செத்துத்தான் போகும். உருக்கியபின் பாதி ஓடினாலே நல்ல குச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். கால் மில்லி குச்சியில் சுமார் 2 கோடி அணுக்கள் வைப்பதே இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான். பாதி போனாலும் ஒரு கோடி மிச்சம் இருக்கும்.

வட்டமடித்ததைத்தான் கவனிக்க வேண்டும். காளையின் விந்தணு தலையிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 70 மைக்ரான் நீளம். கழுத்தை அடுத்த நடுப்பகுதியில் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். வாலுக்குள் நடுவில் இரண்டு, சுற்றிலும் ஒன்பது ஜோடி என்று நுண்ணிய இழைகள் உண்டு. அவை ஒன்றை ஒன்று உரசி நழுவுவதால்தான் வால் அலைபோல வளைகிறது. திடீரென்று குளிர் பட்டால் அணுவின் மேல்சவ்வு பழுதாகும். வால் ஒரு பக்கமாகவே வளைந்து நிற்க, அணு முன்னே போகாமல் வட்டம் போடும். நீங்கள் பார்த்தது இதுவாக இருக்கலாம். ஆனால் ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து, எப்படிப்பட்ட கண்ணாடியில் பார்த்தீர்கள்? உடம்புச் சூட்டுக்கு, 37 டிகிரிக்கு, சூடேற்றாத கண்ணாடித் தகட்டில் வைத்தால் நல்ல விந்தும் அப்படித்தான் சுற்றும். அந்தச் சோதனையை மட்டும் நம்பி யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் கண்ணாடியில் நடப்பது தொழுவத்திலும் நடக்கும். குச்சியை 35–37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்கி, ஈரம் போகத் துடைத்து, சூடு ஆறாமல் கால் மணி நேரத்துக்குள் உள்ளே செலுத்திவிட வேண்டும். துடைக்காத குச்சியை வெட்டி, விந்தை உள்ளே செலுத்தும் கருவியான ஏஐ கன்னில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு துளி பச்சைத் தண்ணீர் கலந்தால் போதும், அணுக்களின் வால் கொக்கிபோலச் சுருண்டு நின்றுவிடும். அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். உங்கள் மாடு, கேட்பதில் தப்பே இல்லை.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். 'கத்த ஆரம்பித்ததுமே' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கருப்பைக்குள் விட்ட விந்து முழுத் தூரமும் நீந்திப் போவதில்லை. பெரும்பகுதித் தூரம் கருப்பையே சுருங்கி விரிந்து அதைத் தள்ளிவிடுகிறது. (மாட்டை விரட்டி, அடித்து, மிரளவைத்துப் பிடித்தால் இந்தச் சுருக்கம் மந்தப்படும். நிழலில் அமைதியாகக் கட்டி வைத்துப் போடச் சொல்வது அதனால்தான்.) அணுவின் சொந்த ஓட்டம் வேண்டியிருப்பது கருப்பைக் கொம்பு முடிந்து கருக்குழாய் தொடங்கும் குறுகலான வாசலில். நேராக ஓடத் தெரிந்தவைதான் அதைத் தாண்டும். கோடியில் சில ஆயிரம் தாண்டினாலே பெரிது. தாண்டியவை குழாயின் கீழ்ப்பகுதிச் சுவரில் தலையை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முட்டையோடு சேரும் பக்குவம் வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். முட்டை வெளிவரும் சமயத்தில் வாலுக்குள் கால்சியம் பாய்ந்து ஓட்டமே மாறும். அதுவரை சீராக நீந்திய அணு சாட்டையைச் சொடுக்குவதுபோல வாலை வீசி, சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும். முட்டையின் தடித்த உறையைத் துளைப்பதும் அந்த வீச்சில்தான். நீங்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்டது முதல் ஓட்டம் மட்டுமே.

இப்போது மணிக்கணக்கு. மற்ற மாடு மேலே தாவும்போது உங்கள் பசு விலகாமல் நின்று கொடுக்கத் தொடங்கியதிலிருந்து 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். வந்த முட்டைக்கு ஆயுள் 6 முதல் 12 மணி நேரம். உறைவிந்து உள்ளே உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். உறைந்து உருகியதால் முன்கூட்டியே பாதி பக்குவப்பட்டுவிடும், ஆகவே சீக்கிரம் ஓய்ந்துபோகும். கத்தலோ, பல மாடுகளில் நின்று கொடுப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அப்போதே போட்டால், முட்டை வந்து சேரும்போது உயிரோடு காத்திருக்க அணு இருக்காது. காலையில் நின்று கொடுத்தால் மாலையில் போடு, மாலையில் என்றால் மறுநாள் காலையில் போடு என்ற வழக்கம் 1948-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்ற ஆய்வாளர் செய்த ஆய்விலிருந்து வந்தது. இன்றைக்கும் அதை நம்பி நடக்கலாம்.

இரண்டு குச்சி வேண்டாம். சீக்கிரம் போட்டால் இரண்டும் சேர்ந்தே சாகும். 24 மணி நேரம் கழித்தும் மாடு பருவத்திலேயே இருந்தால் இன்னொரு முறை போடுவது வேறு விஷயம், அதில் பொருள் உண்டு.

காளைக்கு விடுவதை நான் விரும்பவில்லை. பொதுக்காளை வழியாகக் கருச்சிதைவு நோய்கள் வரும். அதோடு காளைக்கு ஒரு விந்தணு உருவாக 61 நாள் ஆகும். கடும் வெயிலோ காய்ச்சலோ கண்ட காளை பார்க்க நன்றாகத் தேறிவிட்டாலும், இரண்டு மாதம் வரை அதன் விந்து சோர்ந்தே இருக்கும். வெளிப்பார்வைக்கு அது தெரியாது.

அடுத்த பருவத்தில் முதலில் மாட்டின் அறையிலிருந்து வழியும் வழும்பைப் பாருங்கள். கண்ணாடிபோலத் தெளிவாக, அறுபடாமல் கயிறுபோலத் தொங்க வேண்டும். கலங்கலோ வெள்ளைச் சீழோ தெரிந்தால் அன்று ஊசியே வேண்டாம். கருப்பையில் புண் இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே போடுங்கள். தெளிவாக இருந்தால், மாடு முதலில் நின்று கொடுத்த மணியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 12 மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். இருமுறை அப்படிச் செய்தும் திரும்பினால், குறித்து வைத்த மணிகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். கருப்பையையும் சினைப்பையையும் பரிசோதித்த மருத்துவர் சொன்னதையும் சேர்த்து எழுதினால், முட்டை தாமதமாக வெளிவருகிறதா என்று பார்த்துவிடலாம்.