முகமூடி அப்புறம் வாங்கலாம்

வணக்கம் சார்,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். ராத்திரியில் ராப் எழுதுவேன். நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் அமெரிக்க ராப் பாடகர் எம்.எஃப். டூம் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். அதற்கப்புறம் அவர் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். அவர் மாதிரி நானும் முகமூடி போட்டுப் பாடலாமா? வீட்டுக்கும் கம்பெனிக்கும் தெரியாது, தனி அடையாளமும் கிடைக்கும். அவர் ஆல்பங்களில் எதை முதலில் கேட்பது? என்னுடைய இரண்டு பாட்டிலிருந்து வரிகள் அனுப்புகிறேன். எது தேறும்?

வேலூரு கோட்டை, நான் ஆடுவேன் வேட்டை
எதிரிக்குச் சாட்டை, கிழிப்பேன்டா சட்டை

அப்பர் தைக்குது எங்கையி, அப்பா தைச்ச மிஷினுல
சப்பரம் வர்ற தெருவுல செருப்பில்லாம நிக்கையில

பெயர் போட வேண்டாம்.
ஆம்பூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

டூம் பற்றி யார் எழுதினாலும் முகமூடியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் வந்தது முகத்தோடுதான். டேனியல் டுமிலே 1971இல் லண்டனில் பிறந்து, நியூயார்க் பக்கத்தில் லாங் பீச்சில் வளர்ந்தவர். தம்பி சப்ராக்குடன் கே.எம்.டி. என்ற குழுவில் பாடினார். 1991இல் முதல் ஆல்பம் வந்தது. 1993இல் சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி இறந்துபோனார். தனியாக உட்கார்ந்து அவர் முடித்த இரண்டாவது ஆல்பத்தை, அட்டைப்படம் பிரச்சினையாகும் என்று எலெக்ட்ரா நிறுவனம் 1994இல் வெளியிடாமல் நிறுத்தி, குழுவையும் கைவிட்டது. அதன்பின் சில வருஷம் ஆளே கண்ணில் படவில்லை. திரும்பி வந்தபோது மன்ஹாட்டனில் நுயோரிகன் பொயட்ஸ் கஃபே மேடையில் பெண்கள் காலில் போடும் ஸ்டாக்கிங்கை முகத்தில் மாட்டிக்கொண்டு பாடினார். உலோக முகமூடி அதற்கும் பிறகுதான். 1999இல் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ ஆல்பம் வந்தது.

இவ்வளவும் நடந்த ஒருவருக்கு முகத்தை மறைக்கத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. நீங்கள் சொல்லும் காரணம் வேறு. அது ஆம்பூரில் செல்லுபடியாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். முகமூடி போட்டு வீடியோ போட்ட மறுநாளே, “குரல் நம்ம பையனுது மாதிரி இருக்கே” என்று பக்கத்து மிஷினில் கேட்பார்கள்.

டூமே இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டார். சில கச்சேரிகளுக்கு வேறொரு ஆளுக்கு முகமூடியை மாட்டி அனுப்பிவிட்டார். பதிவு ஓட, அந்த ஆள் வாயை மட்டும் அசைத்தார். காசு கொடுத்து வந்தவர்கள் கண்டுபிடித்துக் கத்தினார்கள். பேட்டியில் கேட்டபோது, ‘நான் இயக்குநர், எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பது என் விருப்பம்’ என்கிற தோரணையில் பதில் சொன்னார். ரசிகர்கள் அதையும் கலை என்கிறார்கள். எனக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. நம் பக்கம் பாரதக் கூத்துக்குத் தாம்பூலம் வைக்கும்போதே துரியோதனன் வேஷம் யார் கட்டுகிறார் என்று கேட்டுக்கொள்வார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் எவ்வளவு பளபளத்தாலும், ஆள் மாறியிருந்தால் முதல் விருத்தத்திலேயே ஊர் பிடித்துவிடும்.

சரி, உங்கள் வரிகளுக்கு வருகிறேன். கோட்டைப் பாட்டை விட்டுவிடுங்கள். ‘ட்டை’யில் முடியும் சொற்களை முதலில் பொறுக்கிவிட்டு, அவற்றுக்குப் பின்னால் அர்த்தத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள். அந்த எதிரி யார் என்று உங்களுக்கே தெரியாது. அதுவும் போக, கோட்டை, வேட்டை, சாட்டை மூன்றும் நெடிலில் தொடங்க, சட்டை குறிலில் தொடங்கித் தடுக்குகிறது. எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பது பள்ளிக்கூட இலக்கணம்தான். பாடிப் பார்த்தால் காதே சொல்லிவிடும்.

இரண்டாவது பாட்டில் அப்பர், அப்பா, சப்பரம் என்று மூன்று இடத்தில் ஒரே தட்டு விழுகிறது. ‘எங்கையி’ போய் அடுத்த வரியின் கடைசியில் ‘நிக்கையில’யோடு சேர்ந்துகொள்கிறது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறவனுக்குத்தான் ‘அப்பர்’ என்ற சொல் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். டூம் செய்ததும் இதைத்தான். வரி முடிவில் ஒரு சொல்லை மட்டும் ஒத்துப்போகவிட்டு அவர் திருப்திப்பட்டதில்லை. நாலைந்து அசைகளின் ஓசையை அப்படியே எடுத்து, வரிக்கு நடுவிலும் அடுத்த வரியிலும் திரும்பத் திரும்ப வைப்பார். அதுவும் சாப்பாடு, பழைய கார்ட்டூன், தெருப்பேச்சு என்று கைக்குக் கிடைத்த சொற்களை வைத்து.

இது நமக்குப் புதிதில்லை. பழைய வடாற்காட்டுத் திருவண்ணாமலைக்காரரான அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை அத்திக்கிறை சத்திச் சரவண’வைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூச்சு எங்கே வாங்குவது என்றே தெரியாது. காட்பாடியிலிருந்து வள்ளிமலை ரொம்ப தூரமில்லை. திருப்புகழை ஊரூராகப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் இருந்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், யாராவது தாளத்தோடு பாடினால் உட்கார்ந்து கேளுங்கள். பக்திக்காகத்தான் போக வேண்டும் என்பதில்லை.

அப்புறம், அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு இருக்கிறார். 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பம் வந்தபோதும் அவர் முகத்தை மறைக்கவில்லை. பின்னால் உலகமே கேட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில் தன் பாட்டி வள்ளியம்மாவின் பேரன் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். முகம் காட்டுவதுதான் சரி என்று சொல்லவில்லை. அப்பாவின் மிஷினைப் பாட்டில் வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பது எப்படி நடக்கும்?

கேட்க ஆரம்பிப்பது என்றால் 2004இல் வந்த ‘மேட்வில்லனி’யில் ஆரம்பியுங்கள். 22 துண்டுகள், முக்கால் மணி நேரம், பல்லவி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. டூமோடு சேர்ந்து அதைச் செய்த இசையமைப்பாளர் மேட்லிப், அதன் பீட்டுகளில் பலவற்றை பிரேசிலில் ஓட்டல் அறையில், கையில் தூக்கிப்போகும் ரெக்கார்ட் பிளேயரும் பழைய பாட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் சின்ன சாம்ப்ளர் கருவியும் வைத்துச் செய்தார். ஆல்பம் வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே பாட்டுகள் இணையத்தில் கசிந்துவிட்டன. சோர்ந்துபோய் இருவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து டூம் பல பாட்டுகளை மறுபடி பாடியபோது வேகத்தைக் குறைத்து, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டார். இரண்டு பதிவும் கிடைக்கின்றன, அடுத்தடுத்துக் கேளுங்கள். வெளிவந்தபோது அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் எட்டிய உச்சம் 179ஆவது இடம். ‘எம்எம்..ஃபுட்’டும் அதே வருஷம்தான். கார்ட்டூன் வசனங்கள் எனக்குக் கொஞ்சம் அதிகம். ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பியை நினைத்துச் சொல்லும் இடங்கள் அதில் உண்டு. வரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை பாதிதான் பிடிபடும், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.