கொழுப்பு கல்லீரலில் பரம்பரையின் பங்கு: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 41. மெலிந்த உடல்வாகு, பி.எம்.ஐ. 22. மது அருந்தியதே இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லாத என் தந்தையும் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயால்தான் இறந்தார். இது பரம்பரையாக வந்ததா?

பதில்: உங்கள் விஷயத்தில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருக்க வாய்ப்புண்டு. 2015-இல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்று, கல்லீரலில் கொழுப்பு சேர்வதில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபணுக்களே விளக்குகின்றன என்றும், தழும்புத் திசு உருவாவதிலும் நிலைமை அதுவே என்றும் கண்டது. இருப்பினும், உடனே பரம்பரை என்று முடிவுகட்டிவிடாமல் வேறு சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். பி.எம்.ஐ. இயல்பாக இருப்பவருக்கும் இடுப்புச் சுற்றளவு மிகுந்திருக்கலாம்; தைராய்டு குறைபாடு, ஹெபடைடிஸ் சி, நெடுநாள் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு, டாமோக்சிஃபென், அமியோடரோன் போன்ற மருந்துகள் ஆகியவையும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும்.

இவையெல்லாம் இல்லை என்றானபின் முதலில் சந்தேகிக்க வேண்டியது பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாறுபாடு. இதைக் கொண்ட மெலிந்த உடலினருக்கு ரத்தச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் பெரும்பாலும் சரியாகவே இருப்பதால், 'மற்றதெல்லாம் நார்மல், கவலை வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரை சரியாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் கல்லீரலில் தழும்பு ஏறியிருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தந்தைக்கு அந்த நோய் இருந்த நிலையில், அந்தக் கேள்விக்கு விடை காணாமல் நீங்கள் விடக்கூடாது.

கேள்வி: அந்த மரபணு மாறினால் கல்லீரலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பதில்: 2008-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோரின் குழு, டல்லஸ் இதய ஆய்வில் பங்கேற்ற 2,000-க்கும் மேற்பட்டோரின் கல்லீரல் கொழுப்பை எம்.ஆர். முறையில் அளந்து, அவர்களுடைய மரபணு மாறுபாடுகளோடு ஒப்பிட்டது. அதில் தனித்துத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து மாற்றம்: டி.என்.ஏ.வில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. அதன் விளைவாகப் புரதத்தின் 148-ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதில் மெத்தியோனின் அமர்ந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் 'ஜி' பெற்றவர்களுடைய கல்லீரலில், அதைப் பெறாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு இருந்தது. அந்த ஆய்வில் 'ஜி' வடிவத்தின் பங்கு ஹிஸ்பானியரிடையே 49 விழுக்காடு, ஐரோப்பிய வழியினரிடையே 23, ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே 17. அம்மூன்று மக்களிடையே கொழுப்பு கல்லீரல் எந்த வரிசையில் மிகுந்து காணப்படுகிறதோ, அதே வரிசை இது.

கல்லீரல் செல்லில் கொழுப்பு துளித்துளியாகச் சேமிக்கப்படுகிறது. தேவைப்படும்போது அந்தத் துளியை உடைப்பது ஏ.டி.ஜி.எல். என்ற நொதி, அதற்கு உடனிருந்து உதவ ஒரு துணைப்புரதமும் வேண்டும். இயல்பான பி.என்.பி.எல்.ஏ.3 புரதம் வேலை முடிந்ததும் சிதைக்கப்பட்டுவிடும். மாறிய புரதமோ சிதைவுக்கு உட்படாமல் கொழுப்புத் துளியின் மேற்பரப்பிலேயே குவிந்து, அந்தத் துணைப்புரதத்தையும் தன்பால் பிடித்துவைத்துக்கொள்கிறது. எனவே கொழுப்பு உடைபடுவது மந்தமாகிவிடுகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவு இந்த மரபணுவை இன்னும் முடுக்கிவிடுவதால், உண்ணும் முறை இங்கே மரபணுவோடு நேரடியாகவே கைகோக்கிறது. தழும்பை உருவாக்கும் நட்சத்திர வடிவச் செல்களிலும் இதே புரதம் இருக்கிறது. கொழுப்போடு நில்லாமல் தழும்பு, சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயத்தையும் இம்மாறுபாடு உயர்த்துவதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கேள்வி: வீட்டிலிருந்தே எச்சில் மாதிரி அனுப்பிச் செய்த மரபணுப் பரிசோதனையில் எனக்கு 'ஜிஜி' என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு வயது 48, ரத்தத்தில் கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 52, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 1,90,000. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: 'ஜிஜி' உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் சிரோசிஸ் வருவதே இல்லை. இந்த மாறுபாட்டின் விளைவை உடல் எடை எவ்வளவு பெருக்குகிறது என்பது 2017-இல் தெளிவாயிற்று: மெலிந்தவர்களிடையே 'ஜிஜி' உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு சிறியது, உடற்பருமன் கூடக் கூட அதே வேறுபாடு பல மடங்காக விரிகிறது. எடை குறைந்தால் இது சுருங்கவும் செய்கிறது. எடைக் குறைப்பு ஆய்வுகளில் 'ஜிஜி' உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கரைந்திருக்கிறது. பரம்பரை என்று கேட்டதும் முயற்சியைக் கைவிடுபவர்கள் உண்டு. முயன்றால் கூடுதலாகப் பலன் பெறக்கூடியவர்களே அவர்கள் என்பதுதான் வருத்தம்.

உங்கள் மரபணு அறிக்கையை இப்போதைக்கு மடித்து வைத்துவிட்டு, நீங்கள் தந்துள்ள மற்ற எண்களைப் பார்ப்போம். ஃபிப்-4 என்ற கணக்கீட்டில் வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்க வேண்டும்: 48 × 52 = 2,496. ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம் 8; அதை ஆயிரத்தில் கூறிய தட்டணு எண்ணிக்கையால் பெருக்கினால் 190 × 8 = 1,520. முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க, ஏறத்தாழ 1.64 வருகிறது. 1.3-க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் வாய்ப்பு மிகுதி. நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். எனவே அடுத்த படியாக ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்க வேண்டும். அது 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். (35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஃபிப்-4 நம்பகமானதன்று, 65-ஐக் கடந்தவர்களுக்குக் கீழ் வரம்பை 2.0 என்று கொள்வது வழக்கம்.) நீங்கள் பருமனானவராக இருந்தால் உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைப்பதே எல்லா மருந்துக்கும் முந்தைய மருந்து.

கேள்வி: என் தாயாருக்குக் கொழுப்பு கல்லீரல் உள்ளது. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகக் குறைவாக இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: நல்ல கேள்வி, மருத்துவர்களில் பலரும் கேட்கத் தவறுவது. கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பை வி.எல்.டி.எல். துகள்களாகக் கட்டி ரத்தத்துக்கு அனுப்பிவைக்கிறது. டி.எம்.6.எஸ்.எஃப்.2 என்ற மரபணுவில் 2014-இல் கண்டறியப்பட்ட ஒரு மாறுபாடு இந்த அனுப்பும் வேலையைத் தளர்த்துகிறது. வெளியேறாத கொழுப்பு கல்லீரலில் தங்குகிறது, ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு, ட்ரைகிளிசரைடு இரண்டும் குறைகின்றன; மாரடைப்பு அபாயமும் ஓரளவு குறைகிறது. இதயம் அடையும் ஆதாயத்துக்குக் கல்லீரல் விலை கொடுக்கிறது என்று சொல்லலாம். எல்.டி.எல். மிக மிகக் குறைவாக இருந்தால், ஏ.பி.ஓ.பி. மரபணுக் குறைபாட்டையும் நினைவில் கொள்ள வேண்டும். அதுவும் இதே வழியில்தான் கல்லீரலில் கொழுப்பைத் தேக்குகிறது.

நேர்மாறான ஒன்றும் உண்டு. ஜி.சி.கே.ஆர். மரபணுவின் மாறுபாடு குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் கடிவாளத்தைத் தளர்த்துவதால், கல்லீரல் குளுக்கோஸை அளவுக்கு மீறி உள்வாங்கிக் கொழுப்பாக மாற்றுகிறது. இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் குறைவாகவும் ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் இருக்கும். ஸ்கேனில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கொழுப்பு கல்லீரல் என்பது ஒரே நோய் அன்று.

கேள்வி: இந்த மாறுபாடு இருந்தால் எப்போதாவது சிறிது மது அருந்தலாமா?

பதில்: வேண்டாம். மதுவால் வரும் சிரோசிஸ் நோயாளிகளின் மரபணுக்களை 2015-இல் ஆராய்ந்தபோது முன்னணியில் வந்தவை பி.என்.பி.எல்.ஏ.3, டி.எம்.6.எஸ்.எஃப்.2, எம்.பி.ஓ.ஏ.டி.7 ஆகிய மூன்றும்தான்.

கேள்வி: கல்லீரலைக் காக்கும் மரபணுக்கள் உண்டா? அவற்றைக் கொண்டு மருந்து செய்ய முடியாதா?

பதில்: உண்டு. 2018-இல் எச்.எஸ்.டி.17.பி.13 என்ற மரபணுவில், புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மாறுபாடு கண்டறியப்பட்டது. அதைக் கொண்டவர்களின் கல்லீரலில் கொழுப்பு குறைவதில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு அழற்சியாகவும் தழும்பாகவும் முற்றுவது குறைகிறது. கொழுப்பின் அளவும் கல்லீரலின் சேதமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்தப் புரதத்தையும் மாறிய பி.என்.பி.எல்.ஏ.3-ஐயும் ஆர்.என்.ஏ. வழியாக அடக்கும் மருந்துகள் சோதனையில் உள்ளன. அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெடிரோம், 2025-இல் செமாகுளுடைட் ஆகியவை மிதமான அல்லது முற்றிய தழும்பு உள்ள, சிரோசிஸ் நிலையை எட்டாதவர்களுக்கு ஒப்புதல் பெற்றன. இவை மரபணுவைப் பார்த்துத் தரப்படுபவை அல்ல.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பலருக்கு இந்நோய் உள்ளது. பத்து வயது மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவிடலாமா? என் உடன்பிறந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மகனுக்கு மரபணுப் பரிசோதனை இப்போது தேவையில்லை, அதன் முடிவு எதுவானாலும் அவனுக்கு நீங்கள் செய்யப்போவது மாறாது. அவன் பருமனாக இருந்தால் 9 முதல் 11 வயதுக்குள் ஏ.எல்.டி. பார்ப்பது போதுமானது. மெலிந்த சிறுவனாக இருந்து கல்லீரலில் கொழுப்பு தென்பட்டால் கதை வேறு. அப்போது வில்சன் நோய், லைசோசோமல் அமில லைபேஸ் குறைபாடு ஆகிய அரிய நோய்களைத் தேடியே ஆக வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை இருப்பதால் தாமதம் கூடாது.

உடன்பிறந்தவர்களைப் பொறுத்தவரை, நோயுற்றவருக்கு வெறும் கொழுப்பு மட்டுமா, சிரோசிஸ் வரை முற்றியதா என்று முதலில் கேளுங்கள். கொழுப்பு கல்லீரலால் சிரோசிஸ் வந்தவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு முற்றிய தழும்பு இருக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 12 மடங்கு என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தகையோர் ஸ்கேனில் கொழுப்பு தெரிகிறதா என்று பார்த்து நிறுத்திவிடக்கூடாது. கல்லீரல் மிகவும் சுருங்கிய நிலையில் கொழுப்பே காணாமல் போய்விடுவதும் உண்டு. ஃபிப்-4 கணக்கும், தேவையானால் ஃபைப்ரோஸ்கேனும் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.