சான்றிதழ்கள் இருந்தும் சிறை: 1885இன் சான் பிரான்சிஸ்கோ சலவைக் கூடங்கள்

கேள்வி: நான் எழுதிவரும் வரலாற்றுக் குறுநாவலின் நாயகர் 1885இல் சான் பிரான்சிஸ்கோவில் சலவைக் கூடம் நடத்தும் சீனர். ‘நீர் சீனர் என்பதால் உரிமம் கிடையாது’ என்று மேயர் கடிதம் அனுப்புகிறார். உரிமம் இல்லாமல் தொழில் செய்ததற்காக நாயகர் கைதாகிறார். இது நம்பும்படி இருக்கிறதா? அவரிடம் என்னென்ன தாள்கள் இருந்திருக்கும்? வழக்குத் தொடுக்க வழி இருந்ததா? கதையைச் சிகாகோவுக்கு மாற்றினால் எளிதாகுமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அப்படி எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அந்த நகர நிர்வாகம் வெகுளியாக இருக்கவில்லை. சலவைத் தொழிலை நெருக்கிய அந்த நகரத்து விதிகளில் ‘சீனர்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. தீ, சாக்கடை, சுகாதாரம், நடைபாதை, குதிரைவண்டி என்று யாரும் மறுத்துப் பேச முடியாத சொற்களைக் கொண்டே அவை எழுதப்பட்டன. உங்கள் கதையின் வலுவும் அங்கேதான் இருக்கிறது.

நாயகரின் கையில் உரிமம் இல்லை என்பதையும் மாற்ற வேண்டும். உங்கள் காலத்துக்கு மிகப் பொருத்தமான உண்மை வழக்கு யிக் வோவுடையது. 1861இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகளாகச் சலவைக் கூடம் நடத்தியவர். தீத்தடுப்பு வாரியம் 1884 மார்ச்சில் அவருடைய இடத்தைச் சோதித்து, அடுப்பும், துணி உலர்த்தும் அமைப்பும், இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கும் ஏற்பாடும் நல்ல நிலையில் இருக்கின்றன, அக்கம்பக்கத்துக்கு ஆபத்தில்லை என்று சான்றளித்தது. கழிவுநீர் ஒழுங்காக வெளியேறுகிறது என்று சுகாதார அதிகாரியும் சான்று கொடுத்தார். தொழில் உரிமமும் இருந்தது. அது 1885 அக்டோபர் வரை செல்லும். இத்தனையும் கையில் இருக்கும்போதுதான் அவர் கைதானார்.

எப்படி என்று கேட்பீர்கள். அன்றைய அமெரிக்க நகரங்களில் ‘லைசென்ஸ்’ என்பது ஒரே தாள் அல்ல. ஒன்று வரி ரசீதைப் போன்றது. பணம் கட்டினால் கிடைக்கும். இன்னொன்று சோதனைச் சான்று. அதிகாரி நேரில் வந்து பார்த்து, குறை இல்லையென்றால் தருவார். மூன்றாவது வகை அனுமதி. அதைத் தருவதும் தராததும் நகர மன்றத்தின் விருப்பம். யிக் வோவிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதுதான் இல்லை.

அந்த மூன்றாவது வகை 1880ஆம் ஆண்டின் விதியிலிருந்து வந்தது. செங்கல் அல்லது கல் கட்டடத்தில் அல்லாமல் வேறு எந்தக் கட்டடத்தில் சலவைக் கூடம் நடத்தினாலும், மேற்பார்வையாளர் மன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த நகரத்தில் நகராட்சியின் வேலையைச் செய்தது இந்த மேற்பார்வையாளர் மன்றம்தான். அதனால் ஒப்புதலை மறுப்பவராக மேயரைக் காட்டாதீர்கள். மன்றம் மறுத்தது என்று எழுதுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான விதிதான். 1849 முதல் 1851 வரை அடுத்தடுத்துப் பெருந்தீ கண்ட ஊர் அது. சலவைக் கூடத்தில் நாள் முழுவதும் அடுப்பு எரியும். ஆனால் வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட எண்ணிக்கைகளைப் பாருங்கள். நகரில் ஏறத்தாழ 320 சலவைக் கூடங்கள். அவற்றில் சுமார் 310 மரக் கட்டடங்களில் இருந்தன. நகரத்து வீடுகளிலேயே பத்தில் ஒன்பது பங்கு மரத்தால் ஆனவைதாம். ஆக, விதி வந்த மறுநாளே கிட்டத்தட்ட எல்லாக் கூடங்களும் மன்றத்தின் தயவில் நின்றன. அந்த 320இல் சுமார் 240 சீனர்களுடையவை. யிக் வோவைப் போலவே விண்ணப்பித்த இருநூறு சீனர்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. சீனரல்லாத எண்பது பேர் அதே மரக் கட்டடங்களில், அதே அடுப்புகளோடு, தடையின்றித் தொழில் நடத்தினர்.

யிக் வோ 1885 ஜூன் 1 அன்று விண்ணப்பித்தார். ஜூலை 1 அன்று மன்றம் மறுத்தது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் மன்றத்துக்கு இல்லை. உங்கள் கடிதக் காட்சிக்குப் பதிலாக இந்த ஒரு மாதக் காத்திருப்பை எழுதுங்கள். பக்கத்துத் தெரு வெள்ளைக்காரக் கூடத்தின் புகைபோக்கியை நாயகர் தினமும் பார்க்கட்டும்.

கைதுக்குப் பிறகு நடந்ததைப் பெரிய நாடகமாக்க வேண்டாம். போலீஸ் நீதிமன்றம் விதித்தது பத்து டாலர் அபராதம். கட்டாவிட்டால் டாலருக்கு ஒரு நாள் சிறை. சுமார் 150 சீனர்கள் இப்படிக் கைதாகியிருந்தார்கள். பத்து டாலரைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். கட்டினால் குற்றத்தை ஏற்றதாகும், மறுநாள் கூடத்தைத் திறந்தால் மறுபடியும் கைது. அதனால்தான் ஷெரிஃப் பீட்டர் ஹாப்கின்ஸின் காவலில் இருந்தபடியே யிக் வோ ஆட்கொணர்வு மனுப் போட்டார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கைவிட்டது. வோ லீ என்ற இன்னொருவரின் வழக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் வழியாக வந்து சேர, அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்து விசாரித்து, 1886 மே 10 அன்று ஒருமனதாக இருவரையும் விடுவித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ். எழுத்தில் பாகுபாடற்றதாகத் தெரியும் சட்டத்தையும் தீய கண்ணோடும் சமமற்ற கையோடும் நடைமுறைப்படுத்தினால், அது அரசமைப்பின் 14ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பை மறுப்பதே என்றார். அந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, நாட்டில் இருக்கும் எவருக்கும் உரியது என்றும் சொன்னார். சீனர்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இடம் தராத காலம் அது என்பதால், இது சின்ன விஷயம் அல்ல.

வழக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வாசகர் கேட்பார். சீனச் சலவைக்காரர்களுக்கு துங் ஹிங் டாங் என்ற சங்கம் இருந்தது. தொழில் போட்டியைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. வழக்குகளுக்குப் பின்னால் நின்றதும் அதுதான். தனிமனித வீரமாக மட்டும் எழுதினால் கதை பாதி பொய்யாகிவிடும்.

நாயகருக்கு வயது நாற்பதுக்கு மேல் என்றால், 1885க்கு முன்னால் அவர் பட்டவையும் நினைவில் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிடித்தது என்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது. 1870இல் ஒரு விதி: தோளில் கழி வைத்து, இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு நடைபாதையில் போகக் கூடாது. துணியை அப்படிச் சுமந்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். 1873இல் சலவைக் கூட உரிமக் கட்டணம் மாறியது. ஒரு குதிரைவண்டி வைத்திருந்தவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. குதிரையே இல்லாமல் நடந்து துணி கொடுத்தவருக்கு மூன்று மாதத்துக்கு 15 டாலர். வண்டி இல்லாதவன் வண்டி வைத்திருப்பவனைவிட அதிகம் கட்ட வேண்டும் என்ற கணக்கை எந்தக் கணக்குப்பிள்ளையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். 1877 ஜூலைக் கலவரத்தில் பல சீனச் சலவைக் கூடங்கள் தாக்கப்பட்டன. ‘சீனர்கள் வெளியேற வேண்டும்’ என்று முழங்கிய தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஐசக் கல்லாக், 1880இல் மேயராக இருந்தார். நீங்கள் மேயரைக் கொண்டுவர ஆசைப்பட்டால் அவரை நாயகரின் நினைவுகளில் கொண்டுவரலாம்.

1882இல் வந்த விதி எழுத்தாளருக்கு ஒரு பரிசு. நகரின் குறிப்பிட்ட பகுதிகளில் சலவைக் கூட உரிமம் வேண்டுமானால், அதே வட்டாரத்தில் வசிக்கும் வரி கட்டும் குடிமக்கள் பன்னிரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும். கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்துக் கேட்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். சட்டையை வெளுத்துத் தரும்போது புன்னகைக்கும் அண்டைவீட்டார் கையெழுத்து என்றதும் எப்படிப் பார்ப்பார்கள்? குவாங் வூ என்பவரின் வழக்கில் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு அந்த விதியை அதே ஆண்டில் செல்லாது என்றார்.

ஆனால் எல்லா விதிகளும் தோற்றன என்று எழுதிவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொதுச் சலவைக் கூடங்களில் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது என்ற விதியை 1885இல் உச்ச நீதிமன்றம் இருமுறை ஏற்றுக்கொண்டது: முதலில் பார்பியர் வழக்கில், பிறகு சூன் ஹிங் வழக்கில். இந்த விதிக்குப் பின்னால் சீனர் வெறுப்பே இருக்கிறது என்று சூன் ஹிங் தரப்பு வாதிட்டபோது, சட்டம் இயற்றியவர்களின் உள்நோக்கத்தை நாங்கள் ஆராய்வதில்லை என்று அதே ஃபீல்டு சொல்லிவிட்டார். இரவில் கூடம் மூடியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்தியது. அதனால் அது நின்றது. மரக் கட்டட விதியில் எண்பது பேருக்கு ஒன்று, இருநூறு பேருக்கு வேறொன்று. அதனால் அது விழுந்தது. நாயகரின் வழக்கறிஞர் 1885இல் எதை நம்பி வாதிடுவார் என்பதற்கு இந்த வேறுபாடே விடை. மன்றத்தாரின் மனத்தை அவர் தோண்டப் போவதில்லை. எண்ணிக்கைகளை அடுக்கப் போகிறார்.

சிகாகோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கும் உரிமம் ஆயுதமாகியிருக்கிறது. ஆனால் அது வேறு கதை. 1855இல் மேயராக வந்த லீவை பூன், மதுக்கடை உரிமக் கட்டணத்தை ஆண்டுக்கு 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பையும் கறாராக அமல்படுத்தினார். இலக்கு ஜெர்மானியரும் ஐரிஷ்காரர்களும். ஏப்ரல் 21 அன்று கிளார்க் தெருப் பாலத்தருகே கூட்டத்துக்கும் போலீசுக்கும் மோதல் வெடித்தது. ஆனால் அந்தக் குடியேறிகள் குடியுரிமை பெற்று வாக்களிக்கக்கூடியவர்கள். மறு ஆண்டே பூன் பதவியில் இல்லை. கட்டணமும் பழைய 50 டாலருக்கே இறங்கியது. சீனருக்கு வாக்கு இல்லாததால்தான் சான் பிரான்சிஸ்கோ கதை நீதிமன்றப் படியேறியது. சிகாகோவுக்கு மாற்றினால் உங்கள் நாயகர் ஜெர்மானியர் ஆக வேண்டும், கடை பீர்க்கடை ஆக வேண்டும், ஆண்டும் முப்பது பின்னால் போக வேண்டும். அதற்குப் புதிய நாவலே எழுதிவிடலாம்.