யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரைத் தருமா?

தரும். ஆனால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்பதே முக்கியம். மேல் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளைக் கூறும் குற்றப்பகிர்வுப் பத்திரம் கையளிக்கப்படும்போது எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லையென்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அவர் கேட்டால் நீதிபதி அரச செலவில் ஒருவரை நியமிப்பார். கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கேட்காமலே கூண்டில் தலைகுனிந்து நின்றுவிட்டு வருபவர்களும் உண்டு.

நீதவான் நீதிமன்றத்தில் இதை நம்பியிருக்க முடியாது. பெரும்பாலானோரின் சிக்கல் தொடங்குவதே அங்கேதான் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. அதற்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு. மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புச் செலவைக் கேட்கும் தாபரிப்பு வழக்குகளையும் எடுப்பார்கள். வருமானத்தைப் பார்த்தே உதவுவார்கள் என்பதால், அடையாள அட்டை, வழக்குப் பத்திரங்களோடு கிராம அலுவலரின் வருமானச் சான்றையும் கொண்டுபோங்கள்.

நீதிமன்றம் நியமிக்கும் சட்டத்தரணிக்குக் கிடைக்கும் கொடுப்பனவு சொற்பம். அதற்காக அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்டாதீர்கள். வழக்கு விசாரிக்கப்படும் விளக்க நாளில் நீதிமன்ற வாசலில் வைத்துக் கதை சொல்லாமல், முன்கூட்டியே சந்தித்துச் சாட்சிகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள்.