மதர்போர்டை மாற்றினால் விண்டோஸை மீண்டும் நிறுவியே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் பழைய மதர்போர்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. மீண்டும் நிறுவலாமா வேண்டாமா என்பதைவிட அவையே முக்கியம் என்பது என் கருத்து.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், வேறு சிப்செட் (பாகங்களை இணைத்து நடத்தும் சிப்) கொண்ட மதர்போர்டில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தினால், டிஸ்க்கைப் படிப்பதற்கான டிரைவர், அதாவது வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள், தொடக்கத்திலேயே கிடைக்காமல் நீலத்திரை தோன்றி நின்றுவிடும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பொதுவான டிரைவர்கள் விண்டோஸுடனேயே சேர்ந்து வருவதால், முதல் முறை இயக்கும்போது சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் பழைய திரைக்கே வந்துவிடுகிறது.

எனக்கு அப்படி நடக்கவில்லை. 2022இல் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5இலிருந்து ஏஎம்டி ரைசன் 5 5600ஜிக்கு மாறியபோது, கணினி எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம் என்று காட்டும் புதிய மதர்போர்டின் பூட் பட்டியலில் என் டிஸ்க் வரவே இல்லை. அது, கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய முறையான பயாஸுக்கேற்ப எம்பிஆர் என்ற அமைப்பில் பிரிக்கப்பட்டிருந்தது. புதிய மதர்போர்டோ அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2017இல் வந்த 1703 பதிப்பு முதல் விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமல் இந்த அமைப்பை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி அமைப்பாக மாற்றித் தரும் என்பது அன்று எனக்குத் தெரியாததால், புதிதாகவே நிறுவினேன். அதற்காக நான் வருந்தவில்லை. இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுபவர்கள், பழைய டிரைவர்களின் மிச்சங்கள் இல்லாமல் தொடங்குவதே நல்லது என்று இன்றும் சொல்வேன்.

முதல் வேலை உரிமம் பற்றியது. கணினியுடன் நிறுவப்பட்டு வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது; வேறு மதர்போர்டுக்கு மாறும்போது அது உடன் வராது. தனியாக விலைக்கு வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்பே அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் உரிமம் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைத்திருந்தால், பிறகு அதே பக்கத்தில் உள்ள சிக்கல் தீர்க்கும் வசதியில், அண்மையில் வன்பொருளை மாற்றியதாகக் குறிப்பிட்டு மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது, பற்றியது. இதை அலட்சியம் செய்பவர்கள் இழப்பது விண்டோஸை அல்ல, தங்கள் கோப்புகளை. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் சாவி, பொதுவாக மதர்போர்டிலோ பிராசஸரிலோ உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் பூட்டி வைக்கப்படுகிறது. அது மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்கும். சாவி இல்லையென்றால் டிஸ்க்கைத் திறக்க வேறு வழி கிடையாது. நான் எதையும் குறியாக்கம் செய்யவில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயக்கப்பட்டுவிடுகிறது. என் மைத்துனரின் மதர்போர்டு ஒரு நாள் திடீரெனப் பழுதானபோது, குழந்தை பிறந்த நாள் முதல் எடுத்த படங்கள் அனைத்தும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அவர் மறந்தே போயிருந்த வேறொரு மின்னஞ்சல் கணக்கில் அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. ஆகவே மாற்றுவதற்கு முன் குறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிடுங்கள். இல்லையேல் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வையுங்கள். வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பதும் அவசியம்.

புதிதாக நிறுவுவதென்று முடிவு செய்தால், குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் கோப்புகளோடு புதிய மதர்போர்டின் நெட்வொர்க் டிரைவரையும் சேர்த்து வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணைய இணைப்பைக் கேட்கும். புதிய நெட்வொர்க் சிப்பை அது அறியாவிட்டால் அங்கேயே தடைபட்டு நிற்கும். விண்டோஸுக்கான டிஸ்க்கைத் தவிர மற்றவற்றின் கேபிள்களைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். இல்லாவிட்டால் பூட் பகுதியை அது வேறு டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும்; பின்னாளில் அந்த டிஸ்க்கை நீக்கும்போது கணினி தொடங்காது.