கிணற்று நீச்சல் போதுமா?

கேள்வி: ஓசூரில் உதிரிபாக ஆலையில் வேலை. பயிற்சிக்காக மெக்சிகோ அனுப்புகிறார்கள். கான்கூன் பக்கம் ஒரு செனோட்டேவில் குளியல், ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), டைவிங் மூன்றும் சேர்த்து பேக்கேஜ் என்று இங்குள்ள ஏஜென்ட் ஒருவர் முழுப்பணத்தையும் இப்போதே கேட்கிறார். ஊர்க் கிணற்றில் நீந்துவேன். எடை 108 கிலோ. மறுநாள் காலை விமானம். போகலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தாராளமாகப் போங்கள். பணத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள்.

செனோட்டேவும் ஒரு கிணறுதான், வெட்டியது மழைத்தண்ணீர். சுண்ணாம்புப் பாறை கரைந்து, மேல்கூரை இடிந்து விழுந்த பள்ளம். பல இடங்களில் படியை விட்டால் நேரே ஆழம். நல்ல தண்ணீர் என்பதால் கடல்போலத் தூக்கியும் பிடிக்காது. ஆகவே லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஒகேனக்கல் பரிசலில் பாதிப் பேர் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள், கேட்க நாதியில்லை. நீங்கள் கொக்கிகளை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

ஜிப்லைனில் எடை வரம்பு இடத்துக்கு இடம் மாறும். பவுண்டில் எழுதியிருந்தால் குழம்பாதீர்கள்: 250 பவுண்டு என்பது 113 கிலோ. அங்கே போய்த் தராசில் நிற்பதைவிட முன்னதாகக் கேட்டுவிடுவது நல்லது.

டைவிங்கை விட்டுவிடுங்கள். சிலிண்டர் கட்டி மூழ்கினால் நைட்ரஜன் உடம்பில் கரையும். உடனே விமானம் ஏறினால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி அது உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். இது சிலிண்டருக்கு மட்டும். கண்ணாடியும் குழாயும் மாட்டி மேலாக மிதந்தீர்கள் என்றால் இந்தக் கணக்கு இல்லை. நீந்தினாலும் இல்லை, ஜிப்லைனில் போனாலும் இல்லை. சிலிண்டர், அது ஒன்றுதான். டைவிங் சான்றிதழ் இல்லாதவரைத் தண்ணீருக்கடியில் உள்ள குகைக்குள் அழைத்துப் போகிறேன் என்பவன் பக்கமே போகாதீர்கள். உள்ளே சில இடங்களில் எமனைப் படம் போட்டு, இதைத் தாண்டாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், சும்மா இல்லை.

இனி ஏஜென்ட். குளியல், ஜிப்லைன் இரண்டுக்கும் பல இடங்களில் வாசலிலேயே சீட்டு உண்டு. அதையே டாலரில் சொல்லி, கமிஷன் ஏற்றி, 'எல்லாம் அடக்கம்' என்பார்கள். போய் இறங்கினால் நுழைவுக் கட்டணம் தனி, லாக்கர் தனி, போட்டோ தனி. எது அடக்கம், ரத்தானால் பணம் எப்போது வரும் என்று எழுதிக் கேளுங்கள். ஆளே காணாமல் போய்விடுவார், பாருங்கள். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாகச விளையாட்டுக்குப் பணம் கிடையாது என்ற வரி பல பாலிசிகளில் கடுகு எழுத்தில் ஒளிந்திருக்கும். அதைப் பெரிதாக அச்சடிக்க மட்டும் இவர்களுக்கு மை கிடைக்காது.

அப்புறம், தலைக்கு எண்ணெய், உடம்புக்கு கிரீம் எதுவும் வேண்டாம். தண்ணீர் கெடுமென்று ஷவருக்கு அடியில் நிறுத்திக் கழுவிவிட்டுத்தான் இறங்க விடுவார்கள்.