தரமான பொருள் என்றால் முறையான தொழிலா?

கேள்வி: நேரடி விற்பனை நிறுவனமொன்றில் சேரும்படி என் மைத்துனர் வற்புறுத்துகிறார். அதன் சத்துமாவும் சோப்பும் உண்மையிலேயே தரமானவை. பிறகு ஏன் இத்தகைய தொழிலை மோசடி என்கிறார்கள்?

பதில்: பொருளின் தரம் வேறு, தொழிலின் முறைமை வேறு, நல்ல சோப்பை முன்னிறுத்தியும் பிரமிடு திட்டம் (புதிதாகச் சேர்பவர்களின் பணத்திலிருந்தே முன்பு சேர்ந்தவர்களுக்கு வருமானம் தரும் ஏற்பாடு) நடத்தலாம். கமிஷன் உண்மையான விற்பனையிலிருந்து வருகிறதா, ஆள் சேர்ப்பதற்காகவே வழங்கப்படுகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி; 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடைசெய்கின்றன. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியா என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் சுமார் 757 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கிய அமலாக்கத் துறை, அதன் பொருள்கள் போலியானவை என்று சொல்லவில்லை. சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பொருள்களைவிட விலை மிக அதிகம் என்றும், ஆள் சேர்ப்பிலேயே கவனம் இருந்தது என்றும்தான் குற்றஞ்சாட்டியது. உறுப்பினராகாத அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் அந்த விலைக்கு அந்தச் சத்துமாவை மீண்டும் வாங்கினார்கள் என்று மைத்துனரிடம் கேளுங்கள் (உறவு கெடாத தொனியில்தான்).